துப்பறியும் கதைகளும் கானன் டாயிலும்

பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள் துப்பறியும் கதைகளைப் படிப்பது காலத்தை வீணாக்கும் காரியம் என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே வெகுநாளாக இருந்து வருகிறது. தேசத்தில் தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது, லண்டன் மாநகரில் யாரோ ஒரு சீமாட்டியின் ரத்தினம் களவு போனதையும், அதை ஒருவர் சுங்கான் புகைத்துக்கொண்டே கண்டுபிடித்ததையும் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். வேறு சிலர் ரயில் பிரயாணத்தில் அவற்றை ஆவலோடு படித்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கும்போது யார் கண்ணிலும் படாமல் மூட்டைக்குள் செருகிக்கொள்கிறார்கள். இரு சாராருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஸர் ஆர்தர் கானன் டாயிலின் ஜீவிய சரித்திரத்தைக் கூறுவதே அதைச் சொல்வதற்கு ஏற்ற வழி என்று கருதுகிறோம்.

முதலிலேயே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறோம். டாயில் ஏகாதிபத்தியவாதி. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் உலகத்துக்கு நன்மை செய்யவே தோன்றியது என்று மனமார நம்பியவர். பெண்களுக்கு வோட்டுரிமை கொடுக்கலாகாது என்று வாதாடியவர். இப்படிப்பட்டவரைப் பற்றி இந்தப் பத்திகளில் எழுதுவானேன் என்று கேட்கும் நேயர்கள், சற்றுப் பொறுத்து முழுவதையும் படிக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

1859-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் டாயில் பிறந்தார். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனார் சார்லஸ் சர்க்கார் உத்தியோகஸ்தர். சித்திரம் எழுதுவதில் கைதேர்ந்தவர். குடிப்பழக்கம் அவருடைய உத்தியோகத்தையும் திறமையையும் ஒருங்கே விழுங்கிவிட்டது. கடைசிக் காலத்தை அவர் மனநோய் விடுதிகளில் கழித்தார். குடும்பத்தைக் கட்டிக் காத்தவர் தாயார் மேரி அம்மையார். வறுமையிலும் மகனைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு பழைய வீரக் கதைகளைச் சொல்லி வளர்த்தவர் அவர்தான். ஜெஸுயிட் பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே மத நம்பிக்கையையும் இழந்து, 1876-ல் டாயில் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் கற்கச் சேர்ந்தார்.

அங்கே ஜோஸப் பெல் என்ற ரண வைத்தியர் ஆசிரியராக இருந்தார். நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே, அவன் என்ன தொழில் செய்கிறவன், எங்கிருந்து வருகிறான் என்பதை அவர் சொல்லிவிடுவார். நடையிலும், கையின் காய்ப்பிலும், காலணியில் ஒட்டிய மண்ணிலும் அவருக்கு எல்லாம் எழுதியிருக்கும். மாணாக்கர்கள் இதை மந்திரம் என்று எண்ணி வியப்பார்கள். பெல் தாம் கண்டதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிய பிறகு, இவ்வளவுதானா என்று வெட்கப்படுவார்கள். அவரிடம் குமாஸ்தாவாக இருந்து நோயாளிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை டாயிலுக்குக் கிடைத்தது. கண்ணெதிரில் கிடப்பதைப் பார். பார்த்த பிறகு யோசி. யோசித்ததைச் சோதித்துப் பார். இதுவே பெல்லிடம் அவர் கற்ற பாடம்.

படிக்கும்போதே 1880-ல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் வைத்தியராகச் சேர்ந்து வடதுருவக் கடலுக்குப் போய் வந்தார். மறு வருஷம் பட்டம் பெற்றபின் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் ஒரு முறை கப்பல் ஏறினார். 1882-ல் போர்ட்ஸ்மத் நகரத்தைச் சேர்ந்த ஸவுத்ஸீயில் வைத்தியசாலை திறந்தார். ஆரம்பத்தில் நோயாளிகள் அதிகம் வரவில்லை. கிடைத்த ஓய்வில் கதை எழுதினார். 1887-ல் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய நாவல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளியாயிற்று. அதன் முழு உரிமைக்காகவும் ஆசிரியருக்குக் கிடைத்த தொகை 25 பவுன். பிற்காலத்தில் அந்தப் பாத்திரத்தை வைத்துப் பிறர் சம்பாதித்த பொருளை எண்ணிப் பார்த்தால், நம் நாட்டுப் புலவர்களுக்கு மட்டுமே பதிப்பாளர் கிடைப்பது அப்படி என்று வருந்த வேண்டியதில்லை.

இரண்டாவது நாவல் 1890-ல் வெளிவந்த நால்வர் கையொப்பம். 1857-ல் ஆக்ரா கோட்டையில் களவாடப்பட்ட பொக்கிஷம், அந்தமான் தீவுக் கைதிகள், அங்கிருந்து லண்டனுக்கு வரும் ஓர் ஆதிவாசி என்று அது நம் தேசத்தையே அஸ்திவாரமாகக் கொண்டது. அதைப் படிக்கும் தமிழருக்குக் கோபமும் சிரிப்பும் மாறி மாறி வரும். சீக்கியச் சிப்பாய் ஒருவனுக்கு முகம்மது சிங் என்று பெயர் சூட்டியிருக்கிறார். அந்தமான் பழங்குடி மக்களை நரமாமிசம் தின்னும் கொடியர்களாக வர்ணித்திருக்கிறார். இது ஆதாரமில்லாத அவதூறு. நம் தேசபக்தர்கள் அடைபட்டுக் கிடந்த அந்தத் தீவின் பெயரைக் கேட்டாலே நமக்கு வேறு நினைவுகள் எழுகின்றன. கண்ணால் கண்டதையே நம்ப வேண்டும் என்று கதாநாயகனைப் பேசவைத்த ஆசிரியர், தாம் காணாத தேசத்தைப் பற்றி ஏட்டில் கண்டதையெல்லாம் அப்படியே நம்பிவிட்டார்.

1891-ல் டாயில் லண்டனுக்கு வந்து கண் வைத்தியராகப் பலகை மாட்டினார். ஒரு நோயாளிகூட உள்ளே வரவில்லை என்று அவரே பின்னாளில் பரிகாசமாக எழுதியிருக்கிறார். ஆயினும் அவர் கற்ற கண் வைத்தியம் வீண்போகவில்லை. அது எப்படிப் பயன்பட்டது என்பதைப் பின்னால் சொல்லுகிறோம். அந்த வருஷம் ஜூலை முதல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் ஹோம்ஸின் சிறுகதைகள் வெளிவரத் தொடங்கின. கீர்த்தியும் பணமும் வந்து குவிந்தன. ஆனால் டாயிலின் மனமோ சரித்திர நாவல்களில் இருந்தது. ஹோம்ஸ் அவற்றை மறைக்கிறான் என்று சலித்து, 1893 டிஸம்பர் மாதக் கதையில் ஸ்விட்ஜர்லாந்தில் ஒரு நீர்வீழ்ச்சியில் அவனைத் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விடவில்லை. பத்து வருஷம் கழித்து 1903-ல் உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. கடைசிக் கதை 1927-ல் வெளியாகும்வரையில் மொத்தம் 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் ஆயின.

இடையில் போயர் யுத்தம் மூண்டது. 1900-ல் டாயில் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று புளூம்ஃபான்டைன் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் வேலை செய்தார். விஷஜுரத்தில் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக மடிந்துகொண்டிருந்த இடம் அது. இதற்காக அவரை நாம் குறை கூற மாட்டோம். அதே யுத்தத்தில் காந்தியடிகளும் நேட்டாலில் இந்தியர்களைத் திரட்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றார். நாம் குறை கூறுவது, திரும்பி வந்தபின் 1902-ல் அவர் எழுதிப் பல பாஷைகளில் பரப்பிய துண்டு நூலைப் பற்றி. போயர்களின் பண்ணைகளைப் பிரிட்டிஷ் ராணுவம் கொளுத்தியதற்கும், பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்ததற்கும் அதில் அவர் சமாதானம் சொன்னார். அந்த முகாம்களில் மாண்ட போயர்கள் மட்டுமே 20,000-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அதே வருஷம் டாயிலுக்கு ஸர் பட்டம் கிடைத்தது. சாட்சியத்தைத் துருவித் துருவிப் பார்க்கத் தெரிந்தவர், சொந்த சர்க்கார் பிரதிவாதியாக நின்றபோது வக்கீலாகிவிட்டார்.

1906-ல் அவருடைய முதல் மனைவி லூயிஸா காலமானார். சோர்ந்து உட்கார்ந்திருந்த அவருடைய கையில் ஒரு வழக்கின் காகிதங்கள் வந்து சேர்ந்தன. டாயில் ஒரு நல்ல கதாசிரியர் என்பதற்கு மேல் அவரிடம் நமக்கு என்ன அக்கறை என்ற கேள்விக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது.

பம்பாயில் பிறந்த ஷாபுர்ஜி எடல்ஜி என்ற பார்ஸி, கிறிஸ்தவராகி, ஆங்கிலப் பெண் ஒருவரை மணந்து, ஸ்டாஃபர்ட்ஷயர் ஜில்லாவில் கிரேட் வர்லி என்னும் சுரங்கக் கிராமத்தில் 1876 முதல் பாதிரியாராக இருந்தார். கறுத்த மேனியர் ஒருவர் தங்களுக்கு உபதேசம் செய்வதை அவ்வூரார் சிலர் பொறுக்கவில்லை. 1888 முதல் அவர் வீட்டுக்கு அநாமதேயக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஜில்லாப் போலீஸ் தலைவர் ஆன்ஸன் அவற்றை எழுதியவரைத் தேடவில்லை. பாதிரியாரின் மூத்த மகன் ஜார்ஜே எழுதியிருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார். ஜார்ஜ் வளர்ந்து பர்மிங்ஹாமில் வழக்கறிஞரானார். ரயில் பிரயாணிகளுக்குரிய சட்டத்தைப் பற்றி ஒரு புஸ்தகமும் எழுதினார். குடியோ சூதோ அறியாத, வீடும் அலுவலகமுமாக இருந்த மனிதர்.

1903-ல் அவ்வூர் மேய்ச்சல் நிலங்களில் குதிரைகளும் மாடுகளும் இரவு நேரத்தில் வயிறு கிழிபட்டுக் கிடந்தன. ஆகஸ்டில் சுரங்கத்து மட்டக்குதிரை ஒன்று அப்படிக் கிடக்கவே, போலீஸார் நேராகப் பாதிரியார் வீட்டுக்குச் சென்று ஜார்ஜைக் கைது செய்தார்கள். அவருடைய சட்டையில் குதிரை மயிர் இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அந்தச் சட்டையும், செத்த குதிரையின் தோலில் அறுத்தெடுத்த துண்டும் ஒரே மூட்டையாகப் பரிசோதனைக்குப் போயின என்பது பின்னால் வெளிப்பட்டது. குற்றம் மாலையில் நடந்ததாக முதலில் கட்சி கட்டினார்கள். அது பொருந்தாமற்போகவே நள்ளிரவுக்குப் பின் நடந்ததாக மாற்றினார்கள். அவ்விரவு முழுவதும் மகன் தம்முடைய அறையிலேயே, பூட்டிய கதவுக்குள் படுத்திருந்ததாகத் தகப்பனார் சத்தியம் செய்து சொன்னார். ஜூரிகள் நம்பவில்லை. கடிதங்கள் ஜார்ஜின் கையெழுத்தே என்று சாட்சி சொன்ன நிபுணர், அடால்ஃப் பெக் என்ற மற்றொரு நிரபராதியின் வழக்கிலும் தவறாகச் சாட்சி சொன்னவர். தண்டனை ஏழு வருஷக் கடுங்காவல். ஜார்ஜ் சிறையில் இருந்தபோதும் மிருகங்கள் கிழிபடுவது நிற்கவில்லை. சுமார் பதினாயிரம் பேர் கையெழுத்திட்டு மனுச் செய்தும் பயனில்லை. மூன்று வருஷம் கழித்து, 1906 அக்டோபரில், காரணம் சொல்லாமல், மன்னிப்பும் வழங்காமல், சிறைக் கதவைத் திறந்துவிட்டார்கள். குற்றவாளி என்ற பட்டத்தோடும், வழக்கறிஞர் தொழிலை இழந்தும் அவர் வெளியே நின்றார்.

1907 ஜனவரியில் லண்டனில் ஒரு ஹோட்டலில் ஜார்ஜைச் சந்திக்க டாயில் ஏற்பாடு செய்திருந்தார். இவர் போகும்போது ஜார்ஜ் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையை முகத்தோடு ஒட்டி, சற்றுச் சாய்த்துப் பிடித்திருந்தார். வாசலில் நின்றபடியே டாயிலுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நோயாளியே வராத அந்தக் கண் வைத்தியர் பதினாறு வருஷம் கழித்துத் தம் நோயாளியைக் கண்டார். பகல் வெளிச்சத்தில் சில கஜ தூரத்திலுள்ள ஆளை அடையாளம் காண முடியாத இம்மனிதர், மழை பெய்த இருட்டிரவில், வேலிகளையும் ரயில் பாதையையும் கடந்து, போலீஸ் காவலுக்கும் தப்பி, அரை மைல் தூரம் போய்க் குதிரையைக் கிழித்துத் திரும்பினார் என்பது எப்படிப் பொருந்தும்? டாயில் அதோடு நிற்கவில்லை. கண் நிபுணரைக்கொண்டு பரிசோதித்தார். கிரேட் வர்லிக்குப் போய் அந்த வழியில் தாமே நடந்து பார்த்தார். டெய்லி டெலிகிராப் பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதி, எவரும் மறுபிரசுரம் செய்துகொள்ளலாம் என்று உரிமையை விட்டுக் கொடுத்தார்.

சர்க்கார் மூவர் கமிட்டி நியமித்தது. அம்மூவரில் ஒருவர் போலீஸ் தலைவர் ஆன்ஸனின் உறவினர்! மிருகங்களை வெட்டிய குற்றம் ஜார்ஜ் செய்ததல்ல என்று கமிட்டி கண்டது. ஆனால் கடிதங்களை அவரே எழுதித் தமக்குத் தாமே துன்பத்தை வரவழைத்துக்கொண்டார் என்றும், ஆகையால் நஷ்டஈடு இல்லை என்றும் முடிவு செய்தது. போலீஸும் தவறு செய்யவில்லை, கோர்ட்டும் தவறு செய்யவில்லை, சிறையிருந்தவன்தான் தவறு செய்தான் என்னும் இந்த நியாயத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியில் வாழ்ந்த நம் பெரியோர் நன்கு அறிவார்கள். எனினும் ஜார்ஜுக்குத் தொழில் திரும்பக் கிடைத்தது. கிரிமினல் அப்பீல் கோர்ட்டு அதே 1907-ல் இங்கிலாந்தில் சட்டமாவதற்கு அவருடைய வழக்கும் பெக்கின் வழக்கும் உந்துதலாக இருந்தன. அவ்வருஷம் ஸெப்டம்பரில் டாயில் மறுமணம் செய்துகொண்டபோது, அழைக்கப்பட்ட விருந்தினர்களில் ஜார்ஜ் எடல்ஜியும் ஒருவர்.

இரண்டாவது வழக்கு ஆஸ்கார் ஸ்லேட்டர் என்ற ஜெர்மன் யூதருடையது. 1908 டிஸம்பரில் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு முதியவள் கொல்லப்பட்டாள். அவளுடைய வைர நகை காணவில்லை; ஸ்லேட்டரோ ஒரு நகையை அடகு வைத்திருந்தார். அந்த நகை கொலைக்குப் பல நாள் முன்பே அடகு வைக்கப்பட்ட வேறு நகை என்று தெரிந்தபின்பும் போலீஸார் அவரை விடவில்லை. சூதாடி, அந்நியன், நன்னடத்தை இல்லாதவன், இவ்வளவு போதுமானதாயிற்று. தூக்குக்கு இரண்டு நாள் முன்னதாகத் தண்டனை ஆயுள் காவலாக மாறியது. எடல்ஜியைப் போல் ஸ்லேட்டர் ஒழுக்கசீலர் அல்லர். அவருடைய வாழ்க்கை முறை டாயிலுக்கு அருவருப்பாகவே இருந்தது. இருந்தும் 1912-ல் அவருக்காகப் புஸ்தகம் எழுதினார். விடுதலையான கைதி ஒருவன் ஸ்லேட்டரின் வேண்டுகோளை வாயில் மறைத்துக்கொண்டு வந்து சேர்த்தபின் மறுபடியும் போராடினார். 1927-ல் விடுதலையும், 1928-ல் தீர்ப்பு ரத்தும், 6,000 பவுன் நஷ்டஈடும் கிடைத்தன. பிறகு செலவுப் பணத்தைப் பற்றி இருவரும் சண்டையிட்டுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நம் கட்சிக்காரன், நமக்குப் பிடித்தவன் என்பதற்காக மட்டும் நியாயம் கேட்கிறவர்கள் இந்த இரண்டாவது வழக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பெல்ஜியத்து மன்னர் லியோபோல்டின் காங்கோ ஆட்சியில் ரப்பருக்காக மக்கள் பட்ட கொடுமையை 1909-ல் தனி நூலாக வெளியிட்டார். அந்தக் கொடுமையை உலகுக்கு அறிவித்த ரோஜர் கேஸ்மெண்ட், 1916-ல் ஐரிஷ் சுதந்திரத்துக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கு மேடைக்குப் போக இருந்தபோது, யுத்த வெறி உச்சத்தில் இருந்த லண்டனிலேயே அவருக்கு உயிர்ப்பிச்சை கேட்டுக் கையெழுத்துத் திரட்டினார். கேஸ்மெண்டின் அரசியலை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கேஸ்மெண்ட் ஆகஸ்ட் 3-ந் தேதி தூக்கிலிடப்பட்டார்.

டாயிலின் கடைசிப் பதினான்கு வருஷம் நமக்கு விளங்காத காலம். ஆவிகளோடு பேச முடியும் என்று பகிரங்கமாகப் பிரசாரம் செய்தார். 1918-ல் மூத்த மகனும் 1919-ல் தம்பியும் மாண்டபின் அந்நம்பிக்கை இன்னும் இறுகியது. 1920-ல் யார்க்ஷயரைச் சேர்ந்த இரண்டு சிறுமிகள் எடுத்த தேவதைகளின் புகைப்படங்களை உண்மை என்று ஸ்ட்ராண்ட் பத்திரிகையிலேயே எழுதினார். அவை காகிதத்தில் வெட்டிய பொம்மைகள் என்பதை அச்சிறுமிகள் கிழவிகளான பிறகு 1983-ல் ஒப்புக்கொண்டார்கள். எடல்ஜி விவகாரத்திலுங்கூட, ஜார்ஜை விடுவித்ததோடு நில்லாமல், அவ்வூர்க்காரர் வேறொருவரே குற்றவாளி என்று மிகச் சொற்பமான ஆதாரத்தின்மேல் சர்க்காருக்கு எழுதினார். சர்க்கார் அதை ஏற்கவில்லை. பிறர்மேல் போலீஸ் சுமத்திய பழியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தவர், தாம் சுமத்திய பழியை அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. 1930 ஜூலை 7-ந் தேதி காலமானார்.

சரி, கதைகளுக்கு வருவோம். தமிழில் துப்பறியும் கதை புதிதல்ல. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-லேயே தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரை அறியாத வீடு ஒரு காலத்தில் இல்லை. அந்த ருசி உள்ளவர்களுக்கு ஹோம்ஸை அறிமுகப்படுத்துவது சுலபம். ஆனால் நாவல்களில் தொடங்க வேண்டாம். 1892-ல் வெளிவந்த முதற் சிறுகதைத் தொகுதியில் தொடங்குங்கள். அதில் நீலக் கல் களவு போன கதையை முதலில் படியுங்கள். முன்பு ஒரு முறை சிறை சென்றவன் என்பதற்காகவே ஒரு தொழிலாளியைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. பழைய தண்டனை ஒன்றைக் காட்டிப் புதிய வழக்கு ஜோடிக்கும் வித்தையை அறிந்த நம் தொண்டர்களுக்கு வேறு முகவுரை தேவையில்லை. பிறகு செம்மயிரார் சங்கம். அது நல்ல வேடிக்கை. பந்தயக் குதிரை காணாமற்போன கதையில், இரவில் நாய் குரைக்காததே முக்கியமான சாட்சி. நடந்ததைத் தேடுவதுபோல், நடக்காததையும் தேட வேண்டும் என்று அது கற்றுக்கொடுக்கிறது.

பாம்பு வரும் கதை ஒன்று மிகவும் பிரசித்தம். அதில் இந்தியப் பாம்பு ஒன்று பால் குடிக்கிறது. சீழ்க்கை ஒலிக்குக் கட்டுப்படுகிறது. கயிற்றில் ஏறி இறங்குகிறது. விலங்கு நூல் அறிந்தவர்கள் நகைப்பார்கள். புற்றுக்குப் பால் வார்க்கும் நாம் டாயிலைப் பார்த்து அதிகமாக நகைக்க உரிமையுள்ளவர்களா என்பது சந்தேகம். மஞ்சள் முகம் என்ற கதையை அவசியம் படிக்க வேண்டும். அதில் ஹோம்ஸின் ஊகம் முழுவதும் பிசகிவிடுகிறது. ஒரு நீக்ரோக் குழந்தையை ஒரு வெள்ளையன் மகளாக ஏற்றுக் கையில் எடுத்துக்கொள்வதோடு கதை முடிகிறது. அதே ஆசிரியர் 1926-ல் எழுதிய மற்றொரு கதையில் நீக்ரோ ஒருவனை இழிவாகப் பேசவைத்திருக்கிறார். பிற்காலத் தொகுதியை வாங்கப் பணம் இல்லாவிட்டால் வருந்த வேண்டாம். நாவல்களில் பாஸ்கர்வில் வேட்டைநாய் ஒன்றே போதும்.

நம்முடைய சங்கங்களிலும் கமிட்டிகளிலும் ஒருவரைத் துரோகி என்றும் போலீஸ் ஆள் என்றும் சொல்லிவிடுவதற்கு எவ்வளவு சாட்சியம் போதுமானதாக இருந்து வந்திருக்கிறது என்பதை, இக்கதைகளைப் படிக்கையில் நேயர்கள் நினைத்துப் பார்க்கலாம். ஒருவன் கூட்டத்துக்கு வராததும், எதிர்க்கட்சிக்காரரோடு காப்பி குடித்ததும், அவன் பிறந்த ஜாதியும் சாட்சியங்களாக எடுத்துக்கொள்ளப்பட்டதை நாமே கண்டிருக்கிறோம். அப்போது நாமும் வாய் திறவாமல் இருந்ததுண்டு.

கதைகளை முடித்தவர்கள், ஜார்ஜ் எடல்ஜியைப் பற்றி டாயில் 1907-ல் எழுதியதையும் தேடிப் படிக்க வேண்டும். அதில் வாட்ஸன் இல்லை, வண்டித் துரத்தல் இல்லை. குதிரைகளை வெட்டியவன் யார் என்பதும் கடைசிவரையில் நிரூபிக்கப்படவில்லை. ஜார்ஜ் எடல்ஜி 1953 வரை உயிரோடிருந்தார். நஷ்டஈடாக ஒரு காசும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.